ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட்டும் ஹூஸ்டன் ரோடியோவும்: ஒரு பாடகர் ஒரு விழாவுக்குச் சொந்தமாவது எப்படி?

அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் ரோடியோவில் பாடினார் என்று செய்தி வரும்போதெல்லாம் சில தவறான விளக்கங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ரோடியோ என்பது ஏதோ ஓர் இசை அரங்கத்தின் பெயர் என்று ஒருவர் எழுதுவார். அமெரிக்க ஜல்லிக்கட்டு என்பார் இன்னொருவர். அது தொண்டு அமைப்பு நடத்தும் விழா, அதனால் பாடகர்கள் இலவசமாகப் பாடுகிறார்கள் என்பது மூன்றாவது. "அவர்தான் 2014-லேயே ஓய்வு பெற்றுவிட்டாரே, மறுபடி ஏன் வருகிறார்?" என்பது நான்காவது. நான்குமே சரியில்லை.

ஒரு பாடகருக்கும் ஒரு விழாவுக்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டு உறவு நிலைப்பது எப்படி என்பதைக் கண்ட்ரி இசையோ ரோடியோவோ தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். "ரசிகர்களின் அன்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது. அந்த அன்பு உருவாக ஓர் அமைப்பு வேண்டும், அதுதான் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

முதலில் விழாவைப் புரிந்துகொள்வோம்

மாட்டுச் சந்தையோடு சேர்ந்து நடக்கும் ஒரு கோயில் திருவிழாவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மாடுகளின் பல்லைப் பார்த்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் ராட்டினமும் தின்பண்டக் கடைகளும். இரவில் கச்சேரி. மாடு வாங்க வந்தவர் கச்சேரியைக் கேட்டுவிட்டுப் போகிறார், கச்சேரிக்கு வந்தவர் சந்தையையும் சுற்றிப் பார்க்கிறார். ஒரே வித்துவான் வருஷா வருஷம் வந்து பாடினால், ஒரு கட்டத்துக்கு மேல் அவரும் திருவிழாவின் ஒரு பகுதியாகிவிடுவார். அவர் வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், வராத வருஷம்தான் "ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள்.

ஹூஸ்டன் விழாவின் உருவமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அது கோயிலை மையமாகக் கொண்டதல்ல, ஒரு தொண்டு அமைப்பை மையமாகக் கொண்டது. அளவும் வேறு. 'ஹூஸ்டன் லைவ்ஸ்டாக் ஷோ அண்ட் ரோடியோ' என்ற அந்த அமைப்பு 1931-இல் தொடங்கப்பட்டது, முதல் விழா 1932-இல் நடந்தது. அப்போது பொருளாதாரப் பெருமந்தம். டெக்ஸஸ் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளைக் காட்டவும் விற்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் ஆரம்ப நோக்கம். ரோடியோ சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது, பாட்டு அதற்கும் பிறகு. 1961 வரை விழாவின் பெயரிலேயே கொழுத்த கால்நடைக் கண்காட்சி என்றுதான் இருந்தது.

இன்று அது மார்ச் மாதத்தை ஒட்டி ஏறத்தாழ இருபது நாள் நடக்கிறது. 35,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறார்கள். விழா தொடங்குமுன் மாநிலத்தின் பல திசைகளிலிருந்து குதிரையிலும் கூண்டு வண்டியிலும் நாள்கணக்கில் பயணம் செய்து ஹூஸ்டனுக்கு வருகிறார்கள். இதற்கு 'ட்ரெயில் ரைட்' என்று பெயர். 1952-இல் பிரென்ஹம் என்ற ஊரிலிருந்து நான்கு பேர் கிளம்பியதில் ஆரம்பித்த வழக்கம் இது. வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே குதிரை வரிசை நுழைவதைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும்.

ரோடியோவில் என்ன நடக்கும்?

ரோடியோ என்பது மாட்டுப் பண்ணை வேலைகளிலிருந்து பிறந்த விளையாட்டுப் போட்டி. மேய்ச்சல் நிலத்தில் அலையும் மாட்டைக் கயிறு வீசிப் பிடிக்க வேண்டும், நோயுற்ற கன்றைக் கட்டிப்போட்டு மருந்து கொடுக்க வேண்டும், பழகாத குதிரையைப் பழக்க வேண்டும். மெக்ஸிகோவின் மாடு மேய்ப்பவர்களிடமிருந்து டெக்ஸஸ் கௌபாய்கள் கற்ற வேலைகள் இவை. யார் வேகம், யார் திறமை என்று ஒருவரோடு ஒருவர் மோதிப் பார்த்ததில் போட்டி பிறந்தது. கறுப்பின கௌபாய்களின் பங்கும் இதில் பெரியது. ஓடும் எருதின் மேல் குதிரையிலிருந்து பாய்ந்து, கொம்பைப் பிடித்துத் தரையில் சாய்க்கும் போட்டியை உருவாக்கியவராக அறியப்படும் பில் பிக்கெட் டெக்ஸஸில் பிறந்த கறுப்பினத்தவர்.

போட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரத்தை வைத்துத் தீர்மானிப்பது: கன்றைக் கயிறு வீசிப் பிடித்து மூன்று கால்களைக் கட்டுவது, மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டுவது போன்றவை. இன்னொன்று மதிப்பெண்ணை வைத்துத் தீர்மானிப்பது. துள்ளும் காளையின் மேல் ஒரே கையால் பிடித்துக்கொண்டு 8 நொடி உட்கார வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி வீரருக்கு, பாதி காளைக்கு. ஜல்லிக்கட்டோடு ஒப்பிடுகிறவர்கள் பார்ப்பது இந்த ஒரு போட்டியை மட்டும்தான். அதுகூட காளையை அடக்கும் விளையாட்டல்ல, அதன் மேல் தாக்குப்பிடிக்கும் விளையாட்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ரோடியோ வேறு ஜாதி.

விலங்குகளைத் துன்புறுத்துகிறது என்ற எதிர்ப்பு ரோடியோவுக்கு உண்டு, குறிப்பாகக் கன்றைக் கயிற்றில் இழுத்துக் கட்டும் போட்டிக்கு. அந்த விவாதம் நியாயமானது. இந்த விழாவை விரும்புகிறவர்களும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஸ்ட்ரெய்ட்டைப் புரிந்துகொள்ள ஒரு போட்டியைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: 'டீம் ரோப்பிங்', அதாவது இருவர் சேர்ந்து கயிறு வீசுவது. ஒருவர் எருதின் கொம்பில் கயிறு போட்டுத் திருப்புவார், அதே ஓட்டத்தில் மற்றவர் பின்னங்கால்களில் கயிறு போடுவார். இருவருக்கும் இரு குதிரைகள். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். பண்ணையில் பெரிய மாட்டைத் தனி ஆளாகப் பிடிக்க முடியாது என்ற நடைமுறைத் தேவையிலிருந்து வந்தது இது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். ஹூஸ்டன் ரோடியோ ஓர் அரங்கத்தின் பெயர் அல்ல. கால்நடைக் கண்காட்சி, பண்ணை வேலைப் போட்டிகள், பொருட்காட்சி, கச்சேரி எல்லாம் ஒன்றாக நடக்கும் வருடாந்தர விழா. அதன் வேர் மாட்டில் இருக்கிறது. பாட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

பாட்டு எப்படி உள்ளே வந்தது?

1942-இல் ஜீன் ஆட்ரி வந்தார். திரைப்படங்களில் குதிரை மேல் உட்கார்ந்து கிதார் வாசித்துப் பாடும் கௌபாயாக நாடே அறிந்த நட்சத்திரம். ஹூஸ்டன் விழா அழைத்துவந்த முதல் தேசிய அளவிலான பாடகர் அவர்தான். கூட்டம் பெருகியது. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் போட்டி முடிந்ததும் ஒரு நட்சத்திரக் கச்சேரி என்பது வழக்கமாகிவிட்டது.

1966-இல் விழா ஆஸ்ட்ரோடோமுக்கு மாறியது. கூரையும் குளிர்சாதனமும் கொண்ட அந்தப் பிரம்மாண்ட விளையாட்டரங்கம் திறந்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது. பல்லாயிரம் இருக்கைகளை நாள்தோறும் நிரப்ப வேண்டிய நிலை வந்தபோது கச்சேரியின் முக்கியத்துவம் பல மடங்கு கூடியது. 1970-இல் எல்விஸ் பிரெஸ்லி அங்கே மூன்று நாளில் ஆறு கச்சேரி நடத்தினார். பின்னாளில் செலீனா வந்தார். டெக்ஸஸின் மெக்ஸிகோ வம்சாவளி மக்களின் இசையான டெஹானோவின் அரசி என்று கொண்டாடப்பட்டவர். 1995 பிப்ரவரி 26 அன்று 60,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் பாடினார். ஐந்து வாரத்துக்குள் கொல்லப்பட்டார். ஹூஸ்டன் மக்களுக்கு இந்த மேடை எவ்வளவு அந்தரங்கமானது என்பதற்கு அந்த இரவை அவர்கள் இன்றும் பேசுவதே போதும்.

மேடை அமைப்பையும் கவனிக்க வேண்டும். வழக்கமான கச்சேரியில் மேடை ஒரு பக்கம், கூட்டம் எதிர்ப்பக்கம். இங்கே போட்டி நடந்த மண் தரையின் நடுவில், போட்டி முடிந்ததும் மேடையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது சுழலும். சுற்றிலும் எல்லாப் பக்கமும் மக்கள். சற்றுமுன் குதிரைகள் ஓடிய அதே மண்ணைக் கடந்துதான் பாடகர் மேடைக்கு வரவேண்டும். பாடி முடித்ததும் குதிரையிலோ வண்டியிலோ அரங்கத்தை வலம் வந்து கையசைத்துவிட்டுப் போவது பழைய மரபு. குதிரையில் ஏறத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

1983: காய்ச்சலால் கிடைத்த மேடை

ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1952-இல் தெற்கு டெக்ஸஸில் போட்டீட் என்ற ஊரில் பிறந்து, பக்கத்தில் உள்ள பியர்சாலில் வளர்ந்தார். குடும்பத்துக்கு மாட்டுப் பண்ணை இருந்தது. ராணுவத்தில் சேர்ந்து ஹவாயில் பணியாற்றியபோது, ராணுவ ஆதரவில் நடந்த ஒரு கண்ட்ரி குழுவில் பாடத் தொடங்கினார். திரும்பி வந்து சான் மார்கோஸில் கல்லூரியில் சேர்ந்து வேளாண்மையில் பட்டம் பெற்றார். பகலில் பண்ணை மேற்பார்வை, இரவில் நடனக் கூடங்களில் பாட்டு. கண்ட்ரி இசைத்துறையின் தலைநகரான நாஷ்வில்லில் கதவு திறக்காமல் சலித்துப்போய், மாட்டுக் கொட்டடிகள் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போக முடிவு செய்திருந்தார். இன்னும் ஒரு வருஷம் முயன்று பார் என்று மனைவி சொன்னதால் நின்றார். 1981-இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது.

அன்று கண்ட்ரி இசை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கண்ட்ரி என்பது அமெரிக்கத் தெற்கின் கிராமப்புறப் பாடல் மரபு. பிடில், கிதார், இரும்புக் கட்டையைக் கம்பிகள் மேல் நகர்த்தி இழையும் ஒலி எழுப்பும் ஸ்டீல் கிதார் ஆகியவை அதன் அடையாளம். 1980-ஐ ஒட்டி அது நகரத்துப் பாப் இசையின் பக்கம் வெகுதூரம் போயிருந்தது. ஸ்ட்ரெய்ட் அதற்கு எதிர்த்திசையில் நடந்தார். பிடிலும் ஸ்டீல் கிதாரும் முன்னால் ஒலிக்கும் பழைய டெக்ஸஸ் நடனப் பாட்டு அவருடையது. தொப்பியைக் கழற்றிவிடச் சொன்ன இசைத்துறை ஆலோசனையையும் அவர் கேட்கவில்லை.

1983 ஹூஸ்டன் விழாவில் ஒரு நாள் பாட வேண்டியவர் எடி ராபிட். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து நியூஜெர்சியில் வளர்ந்தவர், கண்ட்ரியிலும் பாப்பிலும் ஒருசேரப் புகழ்பெற்ற திறமைசாலி. அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஸ்ட்ரெய்ட்டை அழைத்தார்கள். இரண்டு இசைத்தொகுப்பு மட்டுமே வந்திருந்த இளைஞர், அதுவரை பார்த்திராத அளவு பெரிய கூட்டத்தின் நடுவே போய் நின்றார்.

வந்திருந்தவர்களில் பெரும்பகுதி மாட்டையும் குதிரையையும் பார்க்க வந்த குடும்பங்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் அவர்களில் ஒருவராகத் தெரிந்தார். அன்றிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. 2022 வரை ஹூஸ்டன் விழாவில் அவர் 30 தடவைக்கு மேல் பாடியிருக்கிறார்.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், பாதி உண்மைதான். காய்ச்சல் கதவைத் திறந்தது. உள்ளே போனபின் முப்பது தடவை திரும்ப அழைக்க வைத்தது காய்ச்சல் இல்லையே.

கயிறு வீசத் தெரிந்த பாடகர்

கௌபாய் தொப்பி யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். ஸ்ட்ரெய்ட் டீம் ரோப்பிங் போட்டிகளில் தானே கயிறு வீசியவர். 1980-களின் தொடக்கத்தில் அண்ணனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு டீம் ரோப்பிங் போட்டியைத் தொடங்கி, பல பத்தாண்டுகள் நடத்தினார். தொழில்முறை வீரர்கள் அதை மதித்து வந்தார்கள்.

ரோடியோ பார்வையாளர்கள் இதைக் கவனிக்கிறவர்கள். அவர் பாட்டில் குதிரையும் மண்ணும் போட்டிக்காக ஊர் ஊராய்ப் போகும் வாழ்க்கையும் வரும்போது, "இவருக்குத் தெரியும்" என்று நம்பிக் கேட்கிறார்கள். பில்போர்டு என்ற இசை இதழின் கண்ட்ரி பட்டியலில் அவருடைய 44 பாடல்கள் முதலிடம் பிடித்தன. அந்தப் புகழ் இல்லாவிட்டால் அரங்கம் நிரம்பாது. ஆனால் புகழ் மட்டும் இருந்தால் ஒரு தடவை நிரம்பும், அவ்வளவுதான்.

மீண்டும் ஒரு சிறு சுருக்கம்: விழா மாட்டிலிருந்து பிறந்தது, பாடகரும் அங்கிருந்தே வந்தார். தற்செயலாக ஒரு வாய்ப்பு அமைந்தது. இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வாழ்க்கை ஏற்கெனவே இருந்ததால் அது பிடித்துக்கொண்டது.

உறவை ஓட்டும் இயந்திரம்

இந்தப் பகுதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

போட்டி நடக்கும் நாளுக்கான ஒரே டிக்கெட்டில் ரோடியோ, பொருட்காட்சி, கச்சேரி மூன்றும் அடக்கம். அதாவது ஸ்ட்ரெய்ட்டுக்காக வந்தவர் காளைப் போட்டியையும் பார்க்கிறார், காளைக்காக வந்தவர் ஸ்ட்ரெய்ட்டையும் கேட்கிறார். வழக்கமான கச்சேரிக்குப் போகாத பாட்டியும் ஆறு வயதுப் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாடகர் இருபது வருஷம் தொடர்ந்து வந்தால் அந்தப் பேரன் வளர்ந்து தன் பிள்ளையைக் கூட்டி வருவான். ரசிகர் கூட்டம் தானாகவே தலைமுறை தாண்டும். தனிச் சுற்றுப்பயணங்களில் இது இப்படி நடக்காது.

அடுத்தது பணம். பாடகர்களுக்குக் கட்டணம் உண்டு, இலவசமில்லை. தொண்டு என்பது விழா நடத்தும் அமைப்பின் தன்மை. செலவு போக மிஞ்சுவது டெக்ஸஸ் மாணவர்களின் கல்லூரி உதவித்தொகைக்கும் வேளாண்மை, கல்வி சார்ந்த திட்டங்களுக்கும் போகிறது. 1957-இல் ஒரே ஒரு மாணவருக்கு 2,000 டாலர் என்று உதவித்தொகை ஆரம்பித்தது. 1932 முதல் இன்றுவரை மொத்தம் 60 கோடி டாலருக்கும் மேல் அமைப்பு கொடுத்திருக்கிறது. ஓர் இருக்கை காலியாக இருந்தால் எங்கோ ஒரு மாணவருக்குப் போகவேண்டிய தொகை குறைகிறது. எனவே நிச்சயம் அரங்கை நிரப்பும் ஒரு பாடகர் இந்த அமைப்புக்கு வெறும் நட்சத்திரம் இல்லை, நம்பிக்கையான வருமானம்.

கண்காட்சியில் முதல் பரிசு பெறும் மாணவரின் எருதை ஏலம் விடுவார்கள். 2022-இல் அது 10 லட்சம் டாலருக்குப் போனது. இறைச்சிக்கான விலை அல்ல அது, படிப்புக்கு உதவ வேண்டும் என்று செல்வந்தர்கள் கூடிக் கொடுக்கும் விலை. பள்ளி மாணவர்கள் மைதானத்தில் கன்றுகளைத் துரத்திப் பிடிக்கும் ஒரு போட்டியும் உண்டு. பிடித்தவருக்குக் கன்று வாங்கப் பணம் தருவார்கள், வளர்த்து அடுத்த ஆண்டு விழாவுக்குக் கொண்டுவர வேண்டும். போன வருஷம் கன்றைத் துரத்தி மண்ணில் புரண்டவர் இந்த வருஷம் மாட்டோடு வந்திருப்பார், அவர் அப்பா அம்மா அரங்கில் ஸ்ட்ரெய்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு இந்த விழாவில் மிகப் பிடித்தது இந்தப் பிணைப்புதான்.

மூன்றாவது, வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். கார் நிறுத்தத்தைக் கவனிப்பவர், மண்ணைச் சமன் செய்பவர், டிக்கெட் பார்ப்பவர் எல்லாரும் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வருஷா வருஷம் அதே ஆட்கள். ஒரு பாடகர் திரும்பத் திரும்ப வரும்போது அவரை வரவேற்பது ஒரு நிறுவனம் அல்ல, தெரிந்த முகங்கள்.

2002: கடைசி இரவு யாருக்கு?

ஆஸ்ட்ரோடோமில் விழா நடந்த கடைசி ஆண்டு 2002. அடுத்த ஆண்டு பக்கத்திலேயே கட்டப்பட்ட ரிலையன்ட் ஸ்டேடியத்துக்கு மாற இருந்தது (2014-இல் அதன் பெயர் என்ஆர்ஜி ஸ்டேடியம் என்று மாறியது). 36 ஆண்டுகள் எல்விஸ் முதல் செலீனா வரை எல்லாரையும் பார்த்த அரங்கின் கடைசி ரோடியோ இரவை யாரிடம் ஒப்படைப்பது? 2002 மார்ச் 3 அன்று மேடையேறியவர் ஸ்ட்ரெய்ட். 68,266 பேர் வந்தார்கள். அந்தக் கச்சேரியின் பதிவு அடுத்த ஆண்டு இசைத்தொகுப்பாகவும் வெளிவந்தது.

19 ஆண்டுகளுக்கு முன் மாற்று ஆளாக வந்தவரிடம் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தது போல ஆயிற்று. விளம்பரத்தால் இப்படி ஓர் இடம் கிடைக்காது.

விடைபெற்றவர் ஏன் திரும்பினார்?

2012-இல் ஸ்ட்ரெய்ட் தன் கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்தார். 2013 மார்ச்சில் ஹூஸ்டன் விழாவின் நிறைவு இரவில் 80,020 பேர் முன் பாடினார். 2014 ஜூனில் டெக்ஸஸின் ஆர்லிங்டன் நகரில் 1,04,793 பேர் முன் சுற்றுப்பயணம் முடிந்தது. பலர் இதையே முழு ஓய்வு என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் விட்டது ஊர் ஊராய்ப் போகும் சுற்றுப்பயணத்தை மட்டும். பாடுவதை விடவில்லை. ஆண்டுக்குச் சில இடங்களில் மட்டும் பாடுவது என்று வைத்துக்கொண்டார்.

அந்தச் சில இடங்களில் ஹூஸ்டனும் ஒன்று. 2019 மார்ச்சில் நிறைவு நாளில் வந்தார், 80,108 பேர் கூடினார்கள். அன்று ரோடியோ போட்டி இல்லை, கச்சேரி மட்டும். 2020-இல் கொரோனா காரணமாக விழா பாதியில் நிறுத்தப்பட்டது, 2021-இல் ரோடியோவும் கச்சேரிகளும் நடக்கவேயில்லை. இரண்டு ஆண்டு இழப்புக்குப் பிறகு 2022-இல் விழா மீண்டும் நடந்தபோது, அதன் நிறைவு இரவிலும் மேடையில் நின்றவர் அவர்தான்.

இது ஸ்ட்ரெய்ட்டுக்கு மட்டுமா?

இல்லை. கண்ட்ரி பாடகி ரீபா மெக்கென்டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தந்தை கயிறு வீசும் போட்டியில் மூன்று முறை உலகச் சாம்பியன், ரீபாவும் பீப்பாய் சுற்றும் குதிரைப் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1974-இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த தேசிய ரோடியோ இறுதிப் போட்டியில் தேசிய கீதம் பாடினார். அதைக் கேட்ட பாடகர் ரெட் ஸ்டீகல் அவரை நாஷ்வில்லுக்கு அழைத்துப் போனார். ஸ்ட்ரெய்ட்டுக்கு ரோடியோ பெரிய கூட்டத்தைத் தந்தது, ரீபாவுக்கோ பாட்டுத் தொழிலின் தொடக்கத்தையே தந்தது. கிறிஸ் லெடூ இன்னும் ஒரு படி மேலே: 1976-இல் சேணமில்லாக் குதிரைப் போட்டியில் உலகச் சாம்பியன் ஆனவர். போட்டிக்குப் போன இடங்களில் தன் பாட்டு ஒலிநாடாக்களைத் தானே விற்று வளர்ந்தார்.

இப்போதைய தலைமுறையில் பார்க்க வேண்டியவர் கோடி ஜான்சன். கிழக்கு டெக்ஸஸ்காரர், இளமையில் ரோடியோக்களில் காளை ஏறியவர், சிறைக் காவலராக வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். பெரிய இசை நிறுவனம் எதுவும் ஒப்பந்தம் செய்யாதிருந்த காலத்திலேயே ஹூஸ்டன் ரோடியோவின் டிக்கெட்டுகளை முழுவதும் விற்றுத் தீர்த்தார். அதற்குப் பிறகும் விழா அவரைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. ஸ்ட்ரெய்ட்டின் கதையை முடிந்தபின் படிக்கிறோம். ஜான்சனுடையது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஹூஸ்டன் விழாவின் பாடகர் பட்டியல் வெளியாகும்போது அதில் யார் பெயர் மறுபடி வருகிறது, நிறைவு இரவு யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இப்படி ஓர் உறவு வளர்வதைக் கண்ணெதிரே கவனிக்கலாம்.